40 அடியா, 60 அடியா? ஒரு வட்டப் பட்டிக்கு அளவு கண்ட விதம்

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. தோப்புக்காரர் எனக்கு அண்ணன் முறை. போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தையிலிருந்து மார்வாரிப் பெண் குதிரை ஒன்றை வாங்கி வந்தார். மூன்று வயது, பதினாலரைக் கை உயரம். ஒரு கை என்பது 4 இன்ச், ஆகத் தோள் மேட்டில் 4 அடி 10 இன்ச். சந்தையில் நடை பார்த்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்த குதிரை அது.

மார்கழியில் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, வந்து ஒருதடவை பாரு. பட்டிக்குள்ள விட்டா ஒரு மாதிரி இழுத்து இழுத்து ஓடுது" என்றார். கட்டட வரைபடம் போடுவது என் தொழில். குதிரை பழக்குவதைப் பதினைந்து வருடமாகக் கூடவே செய்துவருகிறேன். இரண்டும் ஒன்றாகத் தேவைப்பட்ட முதல் வேலை இதுதான். அதனால் அளவெல்லாம் நோட்டில் குறித்துவைத்தேன். வட்டப் பட்டி கட்ட நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று அதை முழுதாக இங்கே எழுதுகிறேன்.

குதிரைக்காரர்கள் 'ரவுண்ட் பென்' என்று சொல்வதைத்தான் நான் வட்டப் பட்டி என்கிறேன். குதிரையை உள்ளே விட்டு, ஆள் நடுவில் நின்று, கயிறோடோ கயிறில்லாமலோ சுற்றவிட்டுப் பழக்கும் இடம். மூலை இல்லாததால் குதிரை எங்கும் போய் ஒண்டி நிற்க முடியாது. முன்னால் போய்க்கொண்டே இருக்க வழி இருக்கும்.

பழைய பட்டி

அங்கே இருந்தது சவுக்குக் கம்பம் நட்டு மூங்கில் கட்டிய பட்டி. டேப் பிடித்தேன், குறுக்களவு 40 அடி. ஏன் 40 என்று கேட்டதற்கு அண்ணனிடம் பதில் இல்லை. தோப்பை ஒரு சுற்றுச் சுற்றியதும் எனக்குப் புரிந்தது. மரத்துக்கு மரம் 25 அடி இடைவெளி. இடி விழுந்து ஒரு மரம் பட்டுப்போயிருக்கிறது. ஒரு மரம் போனால் இந்தப் பக்க மரத்துக்கும் அந்தப் பக்க மரத்துக்கும் நடுவே 50 அடி. சுற்றி ஆள் நடக்க 5 அடி விட்டால் மிச்சம் 40. பட்டுப்போன தென்னை மரம்தான் பட்டிக்கு அளவு சொல்லியிருக்கிறது, குதிரையை யாரும் கேட்கவில்லை.

இதை அவர் குற்றமாக நான் சொல்லவில்லை. நான் பார்த்த பட்டிகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் அமைந்தவை. இருக்கிற இடம், இருக்கிற கம்பம், அதற்கு வந்த வட்டம்.

அன்றைக்குச் சாயங்காலம் அவளை உள்ளே விட்டுப் பார்த்தோம். முதலில் குளம்புத் தடத்தை அளந்தேன். குதிரை வேலியை உரசிக்கொண்டு ஓடாது, உடம்புக்கு இடம் விட்டுத்தான் ஓடும். தடம் வேலியிலிருந்து 3 அடி உள்ளே இருந்தது. ஆக, ஆரம் 20 அடி என்று வேலி சொன்னாலும் குதிரைக்குக் கிடைப்பது 17 அடிதான். பட்டி அளவு பேசும்போது எல்லோரும் விட்டுவிடுகிற 3 அடி இது. இரண்டு பக்கமும் சேர்த்தால் 6 அடி. 40 அடிப் பட்டி என்றால் குதிரைக்கு 34 அடி வட்டம், சுற்றளவு ஏறக்குறைய 107 அடி.

அப்புறம் போனில் ஸ்டாப்வாட்ச். டிராட்டில், அதாவது இரண்டு கால் இரண்டு காலாகப் போடும் ஓட்டநடையில், ஒரு சுற்றுக்கு 11 வினாடி. கேன்டரில், அதாவது அதைவிட வேகமான தாவல் ஓட்டத்தில், 7 வினாடி. கேன்டரில் நாலைந்து சுற்றுக்கு ஒருமுறை முன்னங்கால் ஒரு பக்கத்தையும் பின்னங்கால் மறுபக்கத்தையும் முன்னால் போட்டு ஓடியது. அண்ணன் சொன்ன 'இழுத்து ஓடுது' இதுதான். இடுப்பைப் பிடித்து முறுக்குவது போல இருக்கும் அந்த ஓட்டம். பார்க்கவே மனசு கஷ்டப்பட்டது. நிறுத்தித் தடவிப் பார்த்தேன். இடது முன்னங்கால் கணுவில் லேசான சூடு இருந்தது. கால்நடை மருத்துவர் மறுநாள் வந்து பார்த்துவிட்டு, எலும்பில் ஒன்றுமில்லை, மூன்று வாரம் ஓய்வு கொடுங்கள், இறுக்கமான வட்டத்தில் ஓட்டாதீர்கள் என்றார். நொண்டி இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் குதிரையைச் சின்ன வட்டத்தில் சுற்றவிட்டுப் பார்ப்பது மருத்துவர்கள் வழக்கம். நேர்கோட்டில் தெரியாத வலியும் வட்டத்தில் தெரிந்துவிடும், காலுக்குச் சுமை அவ்வளவு கூடும். சோதனைக்கு இரண்டு நிமிடம் செய்ய வேண்டியதை நாம் தினம் அரை மணி நேரம் செய்துகொண்டிருந்தோம்.

சாய்வுக் கணக்கு

வளைவில் பைக் ஓட்டுகிறவர் உள்பக்கம் சாய்வது போலத்தான் குதிரையும் சாயும். எவ்வளவு சாய வேண்டும் என்பதற்குப் பள்ளிக்கூடக் கணக்கு போதும். வேகத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கத்தைப் போடுங்கள். ஆரத்தை 9.8 ஆல் பெருக்குங்கள். முதலதை இரண்டாவதால் வகுத்தால் வருவது சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட். ஆரம் கீழே இருக்கிறது, வேகம் வர்க்கமாக மேலே இருக்கிறது. வட்டம் சின்னதாக ஆக, வேகம் கூடக் கூட, சாய்வு ஏறும்.

நம் குதிரைக்குப் போடுவோம். 17 அடி என்பது 5.18 மீட்டர். சுற்றளவு 32.6 மீட்டரை 11 வினாடியில் சுற்றினால் வேகம் வினாடிக்கு 3 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. சாய்வு ஏறக்குறைய 10 டிகிரி. கேன்டரில் 7 வினாடி என்றால் 4.66 மீட்டர் வேகம், சாய்வு 23 டிகிரி.

23 டிகிரி சாய்ந்து, மணலில், மூன்று வயதுக் கால்களால், ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி! எலும்பு வளரும் இடத்தை வளர்ச்சித் தட்டு என்பார்கள். குதிரைக்கு முழங்காலுக்கு மேலுள்ள தட்டே இரண்டு, இரண்டரை வயதில்தான் மூடும். முதுகெலும்பில் உள்ளவை ஐந்து வயது தாண்டியும் மூடாது. ஆள் போல வளர்ந்து நிற்பதால் நாம் அதைக் குட்டி என்று நினைப்பதில்லை, அவ்வளவுதான்.

அண்ணன் இங்கே ஒரு நியாயமான கேள்வி கேட்டார். "சர்க்கஸ்ல சின்ன வட்டத்துலதானே தம்பி குதிரை சுத்துது? அதுக்கு ஒண்ணும் ஆகறதில்லையே?"

உண்மைதான். சர்க்கஸ் வளையம் உலகம் முழுக்க 42 அடி, அதாவது 13 மீட்டர். லண்டனில் 1768-ல் குதிரைச் சவாரிக் காட்சி தொடங்கிய பிலிப் ஆஸ்ட்லி என்ற முன்னாள் குதிரைப்படை வீரரிடமிருந்து வந்த அளவு அது. ஓடும் குதிரையின் முதுகில் நின்று வித்தை காட்டுகிற ஆளுக்கு ஏற்றது. குதிரை வட்டத்தில் சாய்ந்து ஓடும்போது மேலே நிற்பவரும் உள்பக்கம் சாய்ந்தால், பாதம் முதுகோடு அழுந்தி நிற்கும். அந்தச் சாய்வுதான் அங்கே வேண்டியது. சீரான வேகத்தில் கேன்டர் போட வருடக்கணக்கில் பழகிய, வளர்ந்து முடிந்த குதிரை, சில நிமிடக் காட்சி. நம் குட்டிக்கு அதில் ஒன்றுகூடப் பொருந்தாது.

சரி, எதிர்ப்பக்கம் போவோம். இளங்குதிரைக்கு எந்த வட்டம் சரி என்று சவாரிப் பள்ளிகள் ரொம்ப காலமாகச் சொல்லிவரும் அளவு ஒன்று உண்டு. டிரஸ்ஸாஜ், அதாவது குதிரையை ஒழுங்கான நடைகளுக்குப் பழக்கும் சவாரிப் போட்டி, நடக்கும் மைதானத்தின் அகலம் 20 மீட்டர். தொடக்க நிலைக் குதிரைக்கு அந்த 20 மீட்டர் வட்டம்தான் பாடம். 15, 10 மீட்டர் வட்டமெல்லாம் உடம்பு பழகிய பிறகு. 20 மீட்டர் என்பது 65 அடியைத் தாண்டும். அப்படியானால் 65, 70 என்று போய்விடலாமே, ஏன் 60?

நடுவில் நிற்கிற ஆள்தான் காரணம். நான் பயன்படுத்தும் நீளக் கயிறு 25 அடி. நீட்டிய கை 2 அடி. ஆக 27 அடி ஆரம் வரை நடுவில் நின்றபடியே கயிறு எட்டும். அதோடு வேலி இடைவெளி 3 அடி சேர்த்தால் 30. குறுக்களவு 60. கயிறில்லாமல் விடும்போதும் அப்படித்தான். நடுவில் இரண்டடி நகர்ந்து, தோளைத் திருப்பினால் குதிரைக்குச் சேதி போய்ச் சேர வேண்டும். 80 அடியில் அது நடக்காது. எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டு வேலிக்கு வெளியே வேடிக்கை பார்க்கும், நாம் ஓட வேண்டியிருக்கும். மேலே ஏறிச் சவாரி பழகத்தான் பட்டி என்றால் 70, 80 நல்லது. தரையில் நின்று பழக்க 60தான் என் முடிவு. 50 அடியில் சமாளிக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. இடமே இல்லையென்றால் சரி, ஆனால் அதில் டிராட்டோடு நிறுத்திக்கொள்வேன். 40 அடியில் நடை மட்டும்.

60 அடியில் குதிரையின் தட ஆரம் 27 அடி, 8.2 மீட்டர். அதே 4.66 மீட்டர் வேகத்தில் கேன்டர் போட்டால் சாய்வு 23-லிருந்து 15 டிகிரிக்கு இறங்கும். இந்த ஒரு வரியைக் காட்டியதும் அண்ணன் வேறெதுவும் கேட்கவில்லை.

இடம்

தோப்புக்குள்ளேயே 60 அடி வேண்டுமென்றால் நாலு மரம் வெட்ட வேண்டும். இரண்டுக்கு இரண்டாக நாலு போனால் 75 அடி சதுரம் கிடைக்கும். ஆனால் தென்னை மட்டை ஒவ்வொன்றும் 15 அடிக்குக் குறையாது. சுற்றி நிற்கும் மரங்களின் மட்டை பட்டிக்கு மேலே வந்து நிற்கும். காய் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. காய்ந்த மட்டை பக்கத்தில் விழுந்தாலே இளங்குதிரை வேலியை நோக்கிப் பாயும். காய்க்கிற மரத்தை வெட்டுவதில் எனக்கும் சம்மதமில்லை. மேற்கே வரப்புக்கும் வண்டித் தடத்துக்கும் நடுவில் 70 அடி அகலத்தில் சோளம் போட்டுவந்த செம்மண் துண்டு இருந்தது. அங்கே போனோம்.

பைப் சொன்ன கணக்கு

வேலி இரும்பில், பேனல் பேனலாக. ஒவ்வொன்றையும் கொக்கியும் பின்னும் போட்டு இணைப்பது, குழி தோண்டி நடுவதில்லை. நாளைக்கு இடம் மாற்றலாம். அமெரிக்கப் படங்களில் பார்க்கும் பேனல் பெரும்பாலும் 12 அடி. 16 பேனல் போட்டால் 192 அடி சுற்றளவு, குறுக்களவு 61 அடி. அதையே வரைந்துகொண்டு வெல்டிங் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் தாளைப் பார்த்துவிட்டு, "ஏனுங்ணா, பைப் வர்றதே 20 அடிங்க. 12 வெட்டினா மிச்சம் 8 அடிய என்ன பண்றது?" என்றார்.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இங்கே ஜி.ஐ. பைப் 20 அடி நீளத்தில்தான் வரும். ஒரு பேனலுக்குக் குறுக்குக் கம்பி ஐந்து, நெட்டுக் கம்பி மூன்று, உயரம் 6 அடி. 12 அடிப் பேனல் 16-க்குக் குறுக்குக் கம்பி 80, அதற்கு 80 முழுப் பைப். மிஞ்சும் 8 அடித் துண்டுகளில் 48-ஐ நெட்டுக் கம்பியாக வெட்டிக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் 8 அடித் துண்டு 32 கிடக்கும்.

10 அடிப் பேனல் என்றால்? ஒரு பைப்பில் இரண்டு குறுக்குக் கம்பி, வீணே இல்லை. ஐந்துக்கு இரண்டரைப் பைப். நெட்டுக் கம்பி மூன்றும் 18 அடி, ஒரு பைப்பில் வெட்டினால் 2 அடிதான் மிச்சம். பேனலுக்கு மூன்றரைப் பைப். 60 அடிக் குறுக்களவுக்குச் சுற்றளவு 188.5 அடி, ஆக 19 பேனல், 67 பைப். 12 அடிப் பேனலைவிட 13 பைப் குறைவு. ஒன்றேகால் இன்ச் பைப்பில் ஒரு பேனல் 53 கிலோ வரும். இரண்டு பேர் தூக்கி நகர்த்தலாம். 12 அடிப் பேனலை அப்படித் தூக்க மூன்றாவது ஆளைத் தேட வேண்டும்.

நேர்ப் பேனலால் வட்டம் போடும்போது அது உண்மையில் 19 பக்கம் உள்ள உருவம்தான். மையத்திலிருந்து மூலைக்கு 30 அடி நாலரை இன்ச், பேனல் நடுவுக்கு 29 அடி பதினொன்றரை இன்ச். 5 இன்ச்தான் வித்தியாசம், குதிரைக்கு அது வட்டம்தான்.

அடிக் கம்பி தரையிலிருந்து 16 இன்ச், பிறகு 14 இன்ச்சுக்கு ஒன்று. குதிரை வேலியோரம் புரண்டு படுத்துக் கால் வெளியே போனாலும், திரும்ப உள்ளே வர இடம் இருக்க வேண்டும். பட்டறைக்காரர் அழகுக்காக மேல் மூலைகளை வளைத்துத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். இரண்டு வளைந்த மூலைகள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் நடுவே ஆப்பு வடிவில் இடுக்கு விழும். எகிறிக் குதிக்கிற குதிரையின் கால் மேலேயிருந்து அதில் இறங்கினால் கீழே போகப் போக இறுகும். நேர் மூலையில் அந்த ஆபத்து இல்லை. ஒரு பேனலுக்குள் 5 அடிக் கதவு. டிராக்டர் உள்ளே வர வேண்டியபோது எந்தப் பேனலையும் பின் கழற்றித் திறந்துகொள்ளலாம், அதற்கென்று பெரிய கதவு தேவையில்லை.

நான் செய்த தவறு

நடுவில் முளை அடித்து, 30 அடிக்குச் சுண்ணாம்புத் தூளால் வட்டம் போட்டோம். கயிறு பிடிக்கவில்லை, கயிறு இழுத்தால் நீளும். இரும்பு டேப். அதில் தவறு இல்லை. காலை ஆறு மணிக்குக் கோட்டின்மேல் பேனல் நிறுத்தத் தொடங்கி, பதினெட்டு முடிந்து பத்தொன்பதாவதைக் கொண்டுவந்தால் அது இடத்தில் உட்காரவில்லை. மூன்று அடிக்கு மேல் இடிக்கிறது!

ஒவ்வொரு இணைப்பிலும் கொக்கி 2 இன்ச் எடுத்துக்கொள்கிறது. 19 இணைப்புக்கு 38 இன்ச். பேனல் நீளத்தை மட்டும் கூட்டிவிட்டு, இணைப்பைக் கூட்ட மறந்துவிட்டேன். தொழிலே அளவு போடுவதுதான் என்பவன் செய்யக்கூடாத தவறு. அங்கே நின்ற நாலு பேரும் ஒரு பேனலை வெட்டிவிடலாம் என்றார்கள். வெட்ட வேண்டியதில்லை. சுற்றளவில் 38 இன்ச் கூடினால் ஆரத்தில் கூட வேண்டியது அதை 6.28 ஆல் வகுத்தது, 6 இன்ச்தான். எல்லாப் பேனலையும் அரை அடி வெளியே தள்ளினோம், பத்தொன்பதாவது வந்து உட்கார்ந்தது. பட்டி 61 அடியாயிற்று. இரண்டு பக்கமும் நாலரை அடி வழி மிச்சம்.

தரை

செலவு எகிறுவது வேலியில் இல்லை, மணலில். குறுக்களவு 40-லிருந்து 60 ஆனால் வேலி ஒன்றரை மடங்கு, தரை இரண்டேகால் மடங்கு. 61 அடி வட்டத்துக்குப் பரப்பு 2,900 சதுர அடிக்கு மேல். 3 இன்ச் கனத்துக்கு 730 கன அடி. யூனிட்டுக்கு 100 கன அடி என்று ஏழேகால் யூனிட். பழைய பட்டியில் மூன்று யூனிட் போதும், 80 அடியென்றால் பன்னிரண்டரை. பெரிய பட்டி கேட்பவர்கள் முதலில் இதைப் போட்டுப் பார்க்கட்டும்.

3 இன்ச்சுக்கு மேல் போட விடவில்லை. ஆழமான மணலில் குளம்பு புதையும், ஒவ்வொரு அடிக்கும் தசைநாண் இழுபடும். அடித்தரையை ரோலர் விட்டு இறுக்கி, கிழக்கே சரிவு கொடுத்தோம், 60 அடிக்கு 7 இன்ச். எம்-சாண்ட்தான் கிடைத்தது. அதில் தூசி பறந்ததால், பக்கத்திலேயே கிடைக்கும் தென்னை நார்க் கழிவைக் கொஞ்சம் கலந்து தண்ணீர் தெளித்தோம். ஈரம் நின்றது, தூசி அடங்கியது.

மாசியில் விட்டோம்

முதல் இரண்டு வாரம் நடை மட்டும். மூன்றாவது வாரம் மறுபடி ஸ்டாப்வாட்ச். தடத்தை அளந்தால் வேலியிலிருந்து மூன்றரை அடி உள்ளே, ஆக ஆரம் 27 அடி, கணக்கில் போட்டதேதான். டிராட்டில் ஒரு சுற்றுக்கு 15 வினாடி. சுற்றளவு 51.7 மீட்டர் என்பதால் வேகம் 3.45 மீட்டர். பழைய பட்டியில் 3-ஐக்கூடத் தொடாதவள், யாரும் விரட்டாமலே எட்டு நீட்டிப் போட்டாள். வேகம் கூடியும் சாய்வு 10-லிருந்து எட்டரைக்குக் குறைந்திருந்தது. கேன்டரில் 10 வினாடி, 5.17 மீட்டர், 18 டிகிரி. இருபது சுற்று எண்ணினேன், ஒரு தடவைகூடக் கால் மாறவில்லை. ஓய்வும் இதற்கு உதவியிருக்கும், இரண்டையும் நான் பிரித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் காதை முன்னால் வைத்து, மூக்கால் ஒரு செருமல் செருமி, முதுகைத் தளர்த்தி ஓடியதை அந்த 40 அடிக்குள் ஒருநாளும் பார்த்ததில்லை.

கேன்டர் ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடத்தைத் தாண்டுவதில்லை, பக்கம் மாற்றி மாற்றி. மொத்த வேலை இருபது நிமிடம். பெரிய வட்டமும் வட்டம்தானே.

ஆனியில் சாரல் பிடித்தபோது தண்ணீர் கிழக்கே வடிந்தது, நடுவில் தேங்கவில்லை. ஆனால் ஓடி ஓடி மணல் வேலியோரம் கரை கட்டுகிறது, தடம் பள்ளமாகிறது. சனிக்கிழமைதோறும் பலகை இழுத்துச் சமன் செய்கிறோம். பழைய பட்டியில் மூங்கிலை மாற்றிக் கட்டி அண்ணன் இப்போது ஆடு அடைக்கிறார்.